கதவின் நீலம்

ராசையா பெயிண்ட் ஒர்க்ஸின் தகரக் கூரை திடீரென்று நடுங்கியது. அலமாரியில் வரிசையாக நின்ற டப்பாக்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. எதிரே டிபன் கடையில் இட்லிக் குண்டானைத் திறந்த சாபிரா, மூடியைக் கையில் பிடித்தபடியே தெருவுக்கு வந்துவிட்டாள்.

எண்ணூர் பக்கமிருந்து வந்தது அந்த உறுமல். கன்டெய்னர் லாரிகளின் சத்தத்திலேயே வளர்ந்த திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்குக்கூட அது புதிது. இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவிலிருந்து நீலமாக ஒரு கார் வழுக்கிக்கொண்டு வந்து கடை வாசலில் நின்றது. இடுப்பு உயரம்கூட இல்லை. வாசல் கால்வாய் மேலிருந்த சிமென்ட் பலகை அதன் வயிற்றில் இடிக்கும் என்று தெரிந்ததும், பட்டறை ஆட்கள் ஓடிப் போய் மரப்பலகைகளைச் சரிவாகப் போட்டு, குழந்தையை இறக்குவதுபோல அதை உள்ளே வாங்கினார்கள்.

"இன்னா நைனா இது, காரா, ராக்கெட்டா?" என்றாள் சாபிரா.

கதவு மேலே திறந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான் ரஷீது. காசிமேட்டுக்காரன். ஷார்ஜாவில் ஜஹாங்கீர் என்ற பெரிய வியாபாரியிடம் பல வருடங்களாக டிரைவர்.

"காருதான் யக்கா. ஏறவும் இறங்கவும்தான் ரெண்டு ஆளு வேணும்."

முதலாளி இந்தியாவைச் சுற்றிப் பார்க்க, காரைக் கப்பலில் வரவழைத்திருந்தார். சுற்றி முடித்துவிட்டு அவர் விமானத்தில் திரும்பிவிட்டார். கார் திங்கட்கிழமை எண்ணூர் துறைமுகத்தில் கப்பல் ஏற வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் வழியில்தான் ஒரு டிரெய்லர் உரசிவிட்டது. இடது முன்சக்கரத்தின் மேல் வளைந்திருக்கும் தகடு, பட்டறை மொழியில் பெண்டர், ஒரு முழ நீளத்துக்குக் கிழிபட்டு, நீலத்துக்கு அடியில் வெள்ளையாகத் தெரிந்தது.

"முதலாளிகிட்ட போன்ல சொல்லிட்டேன். திட்டு முடியறதுக்குள்ள என் சார்ஜு தீர்ந்துபோச்சு. கப்பல் ஏறுறதுக்குள்ள பழைய மாதிரி ஆயிடணும்னாரு."

கடைக்காரர் ராசையா, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடமாகியும் பேச்சு மாறாதவர். குனிந்து பெண்டரைத் தடவிப் பார்த்தார்.

"தகட்ட நிமித்திரலாம். பட்டி வச்சு பிரைமர் அடிச்சிரலாம். கலருதான் சோலி. மெர்லின், இங்க வாம்மா."

மெர்லின் உள்ளறையிலிருந்து வந்தாள். ராசையாவின் கடையில் வண்ணம் கலப்பவள். சுடிதாருக்கு மேல் எப்போதும் சாம்பல் நிற ஓவர்கோட்டு. பளிச்சென்ற துணி போட்டால் அந்த நிறம் காரின் மேல் விழுந்து கண்ணை ஏமாற்றும் என்பதால், பட்டறையில் அவள் வேறு நிறம் உடுத்தியதில்லை. வயது முப்பத்தாறு. ராயபுரத்தில் அம்மாவும் தங்கை ஜூடியின் குடும்பமும் இருக்கும் வீட்டில் மாடி அறை.

அவள் காரைச் சுற்றி வருவதற்குள் கோட்டுப் பையில் போன் அடித்தது. ஜூடி.

"இன்னா முடிவு பண்ண? ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் வில்சன் வூட்டுக்காரங்க ஃபாதரைப் பாக்க வராங்க. ரெண்டு பேரு பேரையும் குடுத்துட்டா, அதுக்கடுத்த ஞாயிறுலேர்ந்து கோயில்ல ஓலை படிக்க ஆரம்பிச்சுடுவாங்க. மூணு வாரம் மூணு ஓலை. யாரும் ஆட்சேபணை சொல்லலன்னா கல்யாணம். நீ தலையை ஆட்டுனா போதும்."

"சனிக்கெழம சாயந்தரம் சொல்றேன்."

"சனிக்கெழமயா? நீ அவனை நெனச்சுகினு இன்னும் எத்தினி சனிக்கெழம ஓட்டுவ? அவன் அங்க புள்ளகுட்டியோட கீறானோ இன்னாவோ. நீ இங்க டப்பாவைக் கலக்கிகினு கெட."

மெர்லின் போனை அணைத்தாள். இந்த முறை தலையாட்டிவிடுவது என்றுதான் இருந்தாள். வில்சன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒருமுறை வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கொண்டு போய்க் கழுவி வைத்தான். அவனைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் நிம்மதியாக இருக்கலாம். அதை மெர்லின் தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள்.

"கம்பெனி கோடு இந்தாருக்கு. கம்ப்யூட்டர்ல போட்டா அளவு சொல்லிரும்" என்றார் ராசையா.

"அது சொல்லும் அண்ணாச்சி. வண்டி வெயில்ல ஓடுனது. வண்டி இன்னா சொல்லுதுன்னு பாக்கணும்ல. வெளிய தள்ளச் சொல்லுங்க."

குழல்விளக்கின் கீழ் கார் முழுக்க ஒரே நீலம். கடைக்குப் பின்னால், ரயில்வே வேலியை ஒட்டிய காலி இடத்துக்குத் தள்ளினார்கள். வெயிலில் அந்த நீலத்துக்குள் மாவு போன்ற துகள்கள் மினுங்கின. மெர்லின் நேராக நின்று பார்த்தாள். முகத்தைத் திருப்பித் தரையைப் பார்த்தாள். நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் அதற்குப் பழகி, இருக்கிற வித்தியாசத்தையும் மூடிவிடும். பிறகு பக்கவாட்டில் போய்க் குனிந்து, சாய்வாக ஒரு பார்வை பார்த்தாள்.

பானெட் என்கிற முன்மூடி ஒரு நீலம். முன்கதவு இன்னொரு நீலம்.

முன்மூடிக்கும் கதவுக்கும் நடுவில்தான் அடிபட்ட பெண்டர் இருக்கிறது.

"இந்த டோரு முன்னாடியே அடிபட்டுதா, பாய்?"

"ஆமாக்கா. போன வருஷம் ஷார்ஜாவுல ஒருத்தன் ரிவர்ஸ்ல வந்து குத்திட்டான். அங்கியே ஒரு ஒர்க்ஷாப்புல போட்டோம். ஏன், தெரியுதா? முதலாளிக்கே இன்னி வரைக்கும் தெரியல."

மெர்லின் கதவருகே நெருங்கினாள். மறுபடி குனிந்தாள். கதவின் நீலத்தில், ஓரத்திலிருந்து பார்க்கும்போது மட்டும், அடியில் ஒரு சிவப்பு மூச்சு விட்டது.

இந்தச் சிவப்பை அவளுக்குத் தெரியும்.

ஜெஸ்வினும் அவளும் இதே கடையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அவன் கலப்பான், அடிப்பதும் அவன்தான். எந்த நீலம் கலந்தாலும் அவன் கை கொஞ்சம் சிவப்புப் பக்கம் சாயும். கை என்று சொல்வது தவறு, கண். அவன் கண்ணுக்கு நீலம் அப்படித்தான் சரியாகத் தெரிந்தது. மாதிரித் தகட்டை வெயிலில் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் பேசாமல் பார்ப்பார்கள். பிறகு அவன் தன் செருப்பைப் பார்ப்பான், அவள் தரையைப் பார்ப்பாள். மறுபடி தகட்டைப் பார்ப்பார்கள்.

"செவப்பு அடிக்குது" என்பாள் மெர்லின்.

"உன் கண்ணுதான் பச்சை" என்பான் அவன். ஆனால் ஒரு சொட்டுப் பச்சை விடுவான். அதற்குப் பிறகு அந்த நீலத்தில் மாதவரத்திலிருந்து அத்திப்பட்டு வரை யாரும் குறை கண்டுபிடிக்க முடியாது.

கல்யாணம் பேசி, கோயிலில் ஓலை படிக்கத் தொடங்கியிருந்த சமயத்தில் அவனுக்கு அரபுநாட்டு விசா வந்தது. ஒரு வருடம் போய்விட்டு வருகிறேன் என்றான். அந்த வருடம் இரண்டாகி, மூன்றாகி, ஒவ்வொரு முறையும் கம்பெனி லீவு தரவில்லை, பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது என்று ஒரு காரணம் வந்துகொண்டே இருந்தது. ஒருநாள் மெர்லின் போனில் கத்தினாள். "வர்ற தேதி தெரிஞ்சா மட்டும் போன் பண்ணு. இல்லன்னா பண்ணாத."

அவன் பண்ணவில்லை. கொஞ்ச காலம் கழித்து அவளே கூப்பிட்டபோது, அந்த எண்ணில் யாரோ ஒருவர் இந்தியில் பேசினார்.

ஏமாற்றிவிட்டான் என்றாள் ஜூடி. தெருவே அப்படித்தான் சொன்னது. மெர்லினுக்கு மட்டும் இன்னொரு சந்தேகம் இருந்தது. தராசில் முப்பது கிராம் என்றால் முப்பத்தொன்று விடாதவன் ஜெஸ்வின். சொன்ன சொல்லையும் அப்படித்தான் எடுத்துக்கொள்வான். தேதி தெரியவில்லை, அதனால் போன் இல்லை. இந்தச் சந்தேகத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"என்ன பாத்துக்கிட்டே நிக்க?" ராசையா பின்னால் வந்து நின்றார்.

"டோரு கலர் வேற, அண்ணாச்சி."

அவரும் குனிந்து பார்த்தார். "அரபுநாட்டு வெயிலு. ஒரு பக்கமா நிப்பாட்டி வெளுத்திருக்கும்."

"வெளுத்தா மங்கும். செவக்காது."

ராசையா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ரஷீதிடம், "இதே மாடலு, இதே கலரு வண்டி மெட்ராசுல வேற யாரும் வச்சிருக்காவளாப்பா? பக்கத்துல வச்சுப் பாத்தா தெரிஞ்சிரும்" என்றார்.

மறுநாள் காலை, ஜஹாங்கீரின் நண்பர் ஒருவருடைய கார் நுங்கம்பாக்கத்திலிருந்து வந்தது. கூரை மறுபடியும் நடுங்கியது. காலி இடத்தில் இரண்டு கார்களையும் தோளோடு தோள் நிறுத்தியதும், சரக்கு லாரிகளை ஓரம் கட்டிவிட்டு டிரைவர்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். ஆளாளுக்கு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

"ரெண்டும் ஒரே கலருதானே? இதுக்கு இன்னாத்துக்கு இத்தினி பஞ்சாயத்து?" என்றாள் சாபிரா. டிபன் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"எங்க முதலாளி வூட்டம்மா மாதிரியே கேக்கறியே யக்கா" என்றான் ரஷீது. "அவர்கிட்ட நீலத்துலயே இன்னொரு வண்டி கீது. ஒரே கலர்ல ரெண்டு எதுக்குன்னு அந்தம்மா கேட்டுட்டாங்க. மனுசன் அன்னிக்கு பூரா சாப்பிடல. ஒண்ணு விடிகாலை நீலமாம், இன்னொண்ணு பொழுது சாயுற நீலமாம். எனக்கு நம்பர் பிளேட்டை வச்சுத்தான் தெரியும்."

"இங்க வாக்கா" என்று சாபிராவை இழுத்தாள் மெர்லின். "நேரா பாக்காத. இப்படி ஓரமா வந்து குனி. புதுசா வந்த வண்டியைப் பாரு. இப்ப நம்ம வண்டி முன்பக்கத்தைப் பாரு."

"ஒண்ணாத்தான் கீது."

"கீழ தரையைப் பாரு. ம். இப்ப அந்த டோரைப் பாரு."

சாபிரா பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

"ஆமாண்டி. அது மயில் கழுத்து. இது கத்திரிக்கா. வண்ணாரப்பேட்டையில பொடவை எடுக்கச்சே டபாய்ப்பானுங்களே, கடை லைட்டுல மயில் கழுத்து, வூட்டுக்கு வந்து பிரிச்சா கத்திரிக்கா. அந்தக் கதைதான்."

சுற்றி நின்ற டிரைவர்கள் வரிசையாகக் குனிய ஆரம்பித்தார்கள். பாதிப் பேருக்குத் தெரிந்தது. பாதிப் பேர் தெரிந்ததுபோல் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும், "நீலம்னா நீலம்மா. எண்ணூர்ல கடலே சாம்பக் கலர்ல கீது, இவனுங்களுக்குக் காரு ஒண்ணுதான் கேடு" என்று முனகியபடி லாரிக்குப் போனார்.

நண்பரின் கார் போனபின் ராசையா தீர்ப்புச் சொன்னார்.

"முன்மூடிதான் கம்பெனி நீலம். டோரு எவனோ கலந்து அடிச்சது. அப்போ நேர்வழி ஒண்ணுதான் இருக்கு. டோரையும் எமரி போட்டுத் தேச்சு எடுத்திருவோம். பெண்டரு, டோரு ரெண்டையும் கம்பெனி நீலத்துல அடிச்சா ஒரே சீரா வந்திரும்."

முறைப்படி அதுதான் சரி. பெண்டரை முன்மூடிக்குப் பொருத்தினால் கதவு தனியாகத் தெரியும். கதவுக்குப் பொருத்தினால் முன்மூடி தனியாகத் தெரியும். நேற்றுவரை கதவில் இருந்த தவறு யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம், இரண்டுக்கும் நடுவில் வெயிலில் மங்கி வளைந்து கிடந்த பழைய பெண்டர்தான்; பளபளக்கும் புதுப் பூச்சு அப்படி மறைக்காது.

மதியம், ஆட்கள் சாப்பிடப் போன நேரம். மெர்லின் எமரித் தாளைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு கதவின் முன் உட்கார்ந்தாள். இன்னொரு கடையில், இன்னொரு தேசத்தில், ஜெஸ்வின் இதே உயரத்தில் உட்கார்ந்து இதைத் தேய்த்திருப்பான். பூச்சு எவ்வளவு சுத்தமாக இருந்தது. ஓரத்தில் ஒரு வழிசல் இல்லை, தூசு இல்லை. அந்தச் சிவப்பு ஒன்றுதான். அதைச் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. ஒரு சொட்டுப் பச்சை விடு என்று சொல்ல ஒருத்தி இல்லாமல்தான் இந்த நீலத்தை அவன் கலந்திருக்கிறான்.

அவள் தாளைக் கதவில் வைத்தாள். ஒரு இழுப்பு இழுத்தால் போதும், மேலே உள்ள கண்ணாடிப் பூச்சு பாலாகக் கரைந்து வரும். கை நகரவில்லை. தாளிலிருந்து தண்ணீர் மட்டும் கதவின் மேல் கோடாக இறங்கியது.

ரஷீது பார்சல் பிரியாணியோடு வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"இன்னாக்கா, தேய்க்கலியா?"

"பாய், இதை அடிச்ச ஆளை நீ பாத்துக்கீறியா?"

"பாத்தேனே. நம்ம ஊரு ஆளுதான். ஒல்லியா, காதுகிட்ட லைட்டா நரைச்சு. பேசவே மாட்டாரு."

"கலரைப் பாத்துட்டு அப்பால எங்க பாப்பாரு?"

ரஷீது யோசித்தான். "அட, ஆமா. குனிஞ்சு காலைப் பாப்பாரு. ஏதோ காசு கீழ வுட்ட மாதிரி. உனக்கு எப்படித் தெரியும்?"

மெர்லின் எமரித் தாளை மடியில் வைத்துக்கொண்டாள். கை ஈரத்தைக் கோட்டில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கல்யாணம், குடும்பம்..."

"அதெல்லாம் தெரியாதுக்கா. நான் வண்டியை வுட்டுட்டு வந்துடுவேன். ஆனா ஒண்ணு. வண்டியை எடுக்கப் போனப்ப, இது மெட்ராசுக்குப் போவப்போற வண்டின்னு சும்மா வாய்வுட்டேன். மெட்ராசுல எங்கன்னு கேட்டாரு. எங்க இறக்கப்போறாங்கன்னு எனக்கு இன்னா தெரியும், எண்ணூர்னு சொன்னேன். ஒண்ணும் பேசல. எல்லாம் முடிஞ்சு போன டோரு, அதை மறுபடியும் முதல்லேர்ந்து பாலிஷ் போட ஆரம்பிச்சுட்டாரு. எனக்கா பசி. இவரு வுடமாட்டேன்றாரு. தேய்ச்சிகினே கீறாரு."

"அப்பால?"

"அப்பால இன்னா, சாவியைக் குடுத்துட்டு உள்ள போயிட்டாரு." ரஷீது சாப்பிடுவதை நிறுத்தினான். அவள் முகத்தைப் பார்த்தபிறகு குரலைத் தணித்தான். "தெரிஞ்ச ஆளாக்கா? அந்தக் கடை ஓனர் நம்பரு என்கிட்ட கீது. இப்பவே அடிச்சு லைன்ல வாங்கித் தரட்டா?"

போன் அவன் கையில் வெளிச்சமாக இருந்தது. ஒரு விரல் தூரம்தான். மெர்லின் அதையே பார்த்தாள்.

கூப்பிட்டால் பேசுவான். எப்படி இருக்கே என்பான். அதற்குப் பிறகு அவள் சொன்ன வார்த்தை இருவருக்கும் நடுவில் வந்து நிற்கும். தேதி. அவனிடம் தேதி இருந்திருந்தால் அவனே கூப்பிட்டிருப்பான். இல்லாத தேதியை அவன் வாயால் இல்லை என்று சொல்லவைக்க வேண்டுமா?

"வேணாம் பாய்."

"யோசிச்சுக்கோ. நான் திங்கக்கெழம வரைக்கும் இங்கதான் கீறேன்."

"இந்த வண்டிக்கு இனிமே எதுனா வேலைன்னா அந்தக் கடைக்குத்தான் போவுமா?"

"பாலிஷு, வாஷு எல்லாம் அங்கதான்."

மெர்லின் எழுந்தாள். எமரித் தாளைக் குப்பைக் கூடையில் போட்டாள்.

ராசையா சாப்பிட்டுவிட்டு வந்தபோது கதவு அப்படியே இருந்தது. உள்ளறையில் தராசின் மேல் இரண்டு டப்பாக்கள் இருந்தன.

"என்னம்மா இது?"

"டோரைத் தொடவேணாம் அண்ணாச்சி. பெண்டரை முன்னாடி கம்பெனி நீலத்துல ஆரம்பிச்சு, பின்னாடி வர வர டோரு நீலத்துக்குக் கொண்டுபோய் முடிச்சுடலாம். நடுவுல ரெண்டும் கலக்கும். கண்ணு புடிக்காது."

"அது ரெண்டு மடங்கு வேல. தப்பினா பெண்டரு புலித்தோலாட்டம் வரும்." ராசையா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அது ஜெஸ்வின் கலந்ததுதான, எனக்குத் தெரியாதா? நேத்தே நெனச்சேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்காத. கலருல செவப்பு கூடியிருக்குன்னா, அவன் கண்ணு அப்படின்னு அர்த்தம். அவ்வளவுதான். அவன் மனசுல என்ன இருக்குன்னு டோரைப் பாத்துச் சொல்லமுடியாது. வில்சன் நல்ல பையன்."

"நல்ல ஆளுதான் அண்ணாச்சி."

"பெறவு?"

அவள் டப்பாவைத் தராசின் நடுவுக்கு நகர்த்தி வைத்தாள். ராசையா அதைப் பார்த்துவிட்டு, "சரி. தப்பினா ரெண்டையும் தேச்சிருவேன், பாத்துக்க" என்று எழுந்து போனார்.

கம்பெனி நீலம் சீக்கிரமே வந்துவிட்டது. கதவின் நீலம்தான் பிடிகொடுக்கவில்லை. இத்தனை வருடமாக நீலத்தில் சிவப்பைக் கண்டால் பச்சையை எடுத்துப் பழகிய கை அது. டப்பாவைக் கலக்கித் தகட்டில் அடித்து வெயிலுக்குக் கொண்டுபோவாள். கதவோடு சேர்த்துப் பிடிப்பாள். ஒவ்வொரு முறையும் தகடு கொஞ்சம் சுத்தமாக, கொஞ்சம் குளிர்ச்சியாக, அவளுடைய நீலமாகவே இருந்தது. அவனுடைய நீலம் இன்னும் அந்தப் பக்கம் இருந்தது. தவறென்று அவளுக்குத் தெரிந்த இடத்தையும் தாண்டி அவள் போக வேண்டியிருந்தது. பொழுது சாயும்போது ஒரு தகடு கதவில் கரைந்து காணாமல் போனது. மெர்லின் தரையைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். தகட்டின் ஓரம் எங்கே என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

முதல்முறையாக அவன் கண்ணால் ஒரு நீலத்தைப் பார்த்ததுபோல் இருந்தது அவளுக்கு. அதில் தவறு ஏதும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை அவளே ஸ்ப்ரே கன்னைப் பிடித்தாள். பெண்டரின் முன்பாதியில் ஒரு நீலம். பின்பாதியில் இன்னொன்று. நடுவில் இரண்டையும் மெல்லிய புகையாக ஒன்றின் மேல் ஒன்று ஓட்டினாள். மேலே கண்ணாடிப் பூச்சு அடித்துச் சூடேற்றிக் காயவைத்து, சாயங்கால வெயில் மிச்சமிருக்கும்போதே வெளியே தள்ளச் சொன்னாள்.

ரஷீது காரை மூன்று பக்கமும் சுற்றிவந்தான்.

"எங்க அடிபட்டுதுன்னே தெரியலியே. யக்கா, நெஜமா சொல்றேன், முதலாளி வந்து தேடுனாக்கூட கெடைக்காது."

சாபிரா குனிந்து, சாய்ந்து, தரையைப் பார்த்து, தனக்குச் சொல்லிக்கொடுத்த எல்லா வித்தையும் செய்துபார்த்தாள். "மயிலும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. எங்கடி வச்ச?"

ராசையா மட்டும் பெண்டரின் அருகே நின்றார். முன்மூடியிலிருந்து கண்ணை மெல்ல ஓட்டிக்கொண்டே வந்தார். பெண்டரும் கதவும் சேரும் கோட்டில் வந்து நின்றுவிட்டார். சாய்ந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"இந்தக் கடைசியில ஒரு சாண் அகலத்துக்கு, இது அப்படியே அவன் நீலம்."

"ஆமா அண்ணாச்சி."

"நீ ஒருநாளும் அவனை இந்த நீலத்த அடிக்க விட்டதில்லையேம்மா."

மெர்லின் தலையைக் குனிந்துகொண்டாள். ராசையா, பலகை போடும் ஆட்களை அதட்டுவதற்காக வாசலுக்குப் போய்விட்டார்.

ரஷீது முட்டியைப் பிடித்துக்கொண்டு காருக்குள் இறங்கினான். கதவை மூடாமல் கேட்டான்.

"அக்கா, போய்ச் சொல்றதுக்கு எதுனா கீதா? ஒரு வார்த்தை?"

"ஒண்ணும் சொல்லவேணாம் பாய். கப்பல்லேர்ந்து இறங்குனதும் வண்டியை ஒரு தபா அந்தக் கடைக்கு ஓட்டிகினு போ. பகல்ல போ. உள்ள வுடாத, வெயில்ல நிறுத்து."

"நிறுத்தி?"

"அவ்ளோதான். நிறுத்து."

ரஷீது அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு தலையாட்டினான். உறுமல் எழுந்தது. பலகைகளின் மேல் மெதுவாக ஏறி இறங்கி, நீலக் கார் நெடுஞ்சாலையில் திரும்பியது. டிரெய்லர்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் தெரிந்தது. அந்தத் தூரத்தில் அது முழுக்க ஒரே நீலமாகத்தான் இருந்தது. எண்ணூர்ப் பக்கத்துப் புகைக்கூண்டுகளை நோக்கிச் சத்தம் தேய்ந்துபோகும்வரை மெர்லின் வாசலிலேயே நின்றாள்.

போன் அடித்தது.

"சனிக்கெழம சாயந்தரம் ஆயிடுச்சு" என்றாள் ஜூடி. "வில்சன் அம்மா ரெண்டு தபா போன் பண்ணிட்டாங்க. கதையெல்லாம் வேணாம், ஒரே வார்த்தை சொல்லு. நாளைக்கு ஃபாதர்கிட்ட உன் பேரைக் குடுக்கட்டா, வேணாமா?"

மெர்லின் சாம்பல் நிறக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"என் பேரு அங்க ஏற்கெனவே குடுத்ததுதானே ஜூடி. ஜெஸ்வின் பேரோட சேத்து அப்பவே ரெண்டு ஓலை படிச்சாச்சு, மூணாவது மட்டும்தான் பாக்கி கீது."